தில்லியில் ஐப்பசியும் கார்த்திகையும்: நிதானமாக இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் கடைசியில் ஓடத் தொடங்கிய ஃபேன் நவம்பர் முதல் வாரத்தில் நிற்கும். ஹீட்டரைப் பரணிலிருந்து இறக்க டிசம்பர் ஆகிவிடும். நடுவில் வரும் நான்கைந்து வாரம்தான் தில்லி வீடுகள் வருஷத்திலேயே மிக அமைதியாக இருக்கும் காலம். ஏழு மாதமாக ஃபேன், கூலர், ஏ.சி. இரைச்சலில் அமுங்கிக் கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும்: சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், நடுராத்திரி சௌக்கிதார் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போவது. ஆனால் புகை வருவதும் இதே வாரங்களில்தான். ஐந்தரைக்கே இருட்டுகிறது. ஊரில் மழை என்று ஃபோன் வந்தால் மனசு அங்கே ஓடிவிடுகிறது. இந்த நாட்களை எப்படிக் கழிப்பது என்று தில்லி, நொய்டா, குருகிராம் பக்கத் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தில்லியில் இலையுதிர்காலம் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா?

உண்டு. ஆனால் இலையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தில்லியின் வேம்பும் அரசும் இலை கொட்டுவது பிப்ரவரிக்குப் பிறகு, வெயில் ஏறும்போது. இங்கே பருவம் மாறுவது வெளிச்சத்திலும் மணத்திலும் தெரியும். அக்டோபர் பாதியில் ஏழிலைப்பாலை பூக்கும். பச்சை கலந்த வெள்ளைக் கொத்துகள், இருட்டிய பிறகு தெருவே கனக்கும் அளவுக்கு வாசனை. சிலருக்கு அது தலைவலி தரும். அப்படியானால் மாலையில் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிவிடுங்கள். அதே சமயத்தில், தண்டெல்லாம் முள்ளாக நிற்கும் சீபா மரத்தில் இளஞ்சிவப்புப் பூ வரும். வெள்ளை வாலாட்டிகள் புல்தரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும்.

நவம்பர் தொடக்கத்தில் இரவு வெப்பநிலை 15, 16 டிகிரி; மாதக் கடைசியில் 10, 11. நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், மழையும் வாடையும் சேர்ந்தது. இங்கே மழை இல்லை, வாடை மட்டும் உண்டு. அது வலுவாக வீசினால் வானம் தெளியும். மெதுவாக வீசினால் பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரித்த நெல் தாளின் புகையைக் கொண்டுவந்து இங்கேயே விட்டுவிட்டு நின்றுவிடும்.

ஐந்தரைக்கே இருட்டினால் மனசு சோர்ந்துபோகிறதே. இது எல்லோருக்கும் இருக்கிறதா?

பலருக்கு இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. ஜூனில் தில்லியில் சூரியன் மறைவது ஏழு இருபதைத் தாண்டி. நவம்பர் கடைசியில் ஐந்து இருபத்து நாலுக்கே. ஐந்து மாதத்தில் மாலை இரண்டு மணி நேரம் சுருங்கிவிடுகிறது. சென்னையில் அதே நவம்பர் கடைசியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்க, இங்கே பத்தரைதான். ஊரில் வளர்ந்த உடம்புக்கு இது பழக்கமில்லாத கணக்கு. தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துவது கண்ணில் படும் வெளிச்சம். அது குறைந்தால் மந்தம், இனிப்பின் மேல் ஆசை, காலையில் எழ மனமில்லாமை எல்லாம் வரும்.

ஒரு ஆறுதல் இருக்கிறது. வருஷத்திலேயே மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில். ஆனால் மிகச் சீக்கிரம் இருட்டுவது டிசம்பர் முதல் வாரத்தில். அதாவது கார்த்திகை முடிவதற்குள்ளேயே மாலை நீள ஆரம்பித்துவிடும். விடியல் மட்டும் ஜனவரி வரை தள்ளிக்கொண்டே போகும்.

செய்ய வேண்டியது, பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருபது நிமிஷமாவது கூரையில்லாத இடத்தில் இருப்பது. ஜன்னலோரம் உட்கார்வது அதற்கு ஈடாகாது. கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை கூட, வெளியே மூட்டமான நாளின் வெளிச்சத்தில் சிறு பங்குதான்.

விடியற்காலையில் எழுந்து நடப்பதுதானே நல்லது என்று சொல்வார்கள்?

ஊரில் சரி. தில்லியில் இந்த இரண்டு மாதத்துக்கு அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்வதில் மிக முக்கியமானது இதுதான்.

இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, தூசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சேர்ந்துகொண்டே போகும். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை இந்த அடைப்பு கெட்டியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடாகி, பதினொரு மணிக்குமேல்தான் மூடி கழன்று புகை மேலே போக வழி கிடைக்கும். ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் உள்ள காற்றுதான் அன்றைக்குக் கிடைக்கக்கூடியதில் நல்ல காற்று. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மறுபடி மூடிக்கொள்ளும்.

ஆகவே எழுவது ஐந்து மணிக்கே இருக்கட்டும். ஜபம், தியானம், படிப்பு எல்லாம் ஜன்னல் மூடிய அறைக்குள். நடை மட்டும் மதியத்துக்கு. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிஷம் நடந்தாலே அது காலையில் ஒரு மணி நேரம் புகைக்குள் நடப்பதைவிட மேல்.

காற்றுத் தரக் குறியீடு எவ்வளவு இருந்தால் வெளியே போகலாம்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் 101 முதல் 200 வரை மிதம், 201 முதல் 300 மோசம், 301 முதல் 400 மிக மோசம், 401க்கு மேல் கடுமை. எங்கள் யோசனை இப்படி. 200க்குள் இருந்தால் யாரும் தாராளமாக நடக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். 200களில் மெதுநடை, அரை மணி நேரம். 300ஐத் தாண்டினால் என்-95 மாஸ்க்கோடு, அதுவும் வெளிச்சத்துக்காகப் பத்துப் பதினைந்து நிமிஷம், ஓட்டம் வேண்டாம். 400க்கு மேல் வீட்டுக்குள்ளேயே. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஒவ்வொரு படியையும் ஒன்று முன்னாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்க்கில் அடிக்கடி நடக்கும் தப்பு: மூக்குக் கம்பியை அழுத்தாமல் விடுவது. மூச்சு விடும்போது கண்ணாடி பனிமூட்டம் போட்டால் காற்று பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம். அந்த மாஸ்க் பாதிதான் வேலை செய்கிறது. துணி மாஸ்க் நுண்துகளை அநேகமாகத் தடுக்காது.

இன்னொன்று. அரை மணிக்கு ஒரு தரம் ஆப்பைத் திறந்து எண்ணைப் பார்ப்பது காற்றைச் சுத்தமாக்காது, மனசை மட்டும் கலக்கும். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை போதும். தனியார் ஆப்கள் பல அமெரிக்க அளவுகோலில் கணக்கிடுகின்றன. வாரியத்தின் 'சமீர்' ஆப் நம்முடையதில். இரண்டின் எண்ணும் ஒத்துப்போகாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்தில் அமைதியாக உட்கார தில்லியில் எங்கே போகலாம்?

லோதி தோட்டம் முதலில். 1936இல் லேடி வில்லிங்டன் பார்க் என்ற பெயரில் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. நடைபாதையில் ஆள் நடமாட்டம் அதிகம், ஆகவே சிக்கந்தர் லோதி கல்லறைப் பக்கம், எட்டுத் தூண் பாலத்தைத் தாண்டித் தண்ணீரோரம் போய்விடுங்கள். ஹுமாயூன் கல்லறையை ஒட்டிய சுந்தர் நர்சரிக்குக் கட்டணம் உண்டு. வார நாள் மதியம் போனால் காலியாகவே இருக்கும், ஞாயிறு போனால் பாய் விரிக்க இடம் கிடைக்காது.

ஆர்.கே. புரம் மலை மந்திர் பலருக்கும் இந்தப் பருவத்தில் நினைவுக்கு வரும் இடம். 'யாமிருக்க பயமேன்' என்று தமிழிலேயே எழுதி நிற்பதைக் கீழேயிருந்து பார்ப்பதே பாதி மருந்து. தீபாவளி அமாவாசைக்கு அடுத்த ஆறு நாள் கந்த சஷ்டி, அப்போது கூட்டம் நெரியும். அமைதி தேடிப் போகிறவர்கள் அதற்குப் பிறகு ஒரு சாதாரண வார நாளில் போகலாம். மதியம் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் நடை திறந்ததும் படியேறினால் பிராகாரத்தில் கல் இன்னும் பகல் சூட்டோடு இருக்கும். சற்று நேரம் அங்கேயே உட்காரலாம்.

மூச்சுப் பயிற்சி எப்படிச் செய்வது? எது சுலபம்?

நாலுக்கு ஆறு. நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மூக்காலேயே விடுவது. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிஷத்துக்கு முப்பது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். விடுவது நீண்டால் தணியும் நேரம் நீள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

எண்ணுவதற்கு ஃபோன் வேண்டாம். ஃபேன் நின்ற அறையில் சுவர்க் கடிகாரத்தின் ஒலி கேட்கும். ஒரு டிக் ஒரு விநாடி. அதையே எண்ணுங்கள். முதலில் இரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பிறகு இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். நெஞ்சு தூக்காமல் கை மட்டும் மெல்ல எழுந்து தாழ வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்: ஆழமாக இழுக்க வேண்டும் என்று நினைத்து நெஞ்சு முட்ட இழுக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி குறுகுறுக்கும். இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குமேல் குறைந்ததால் வருவது அது. மூச்சின் அளவைக் குறையுங்கள், நேரத்தை அல்ல. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு மெல்லிய மூச்சு போதும். ஆறு நீளமாகப் பட்டால் மூன்றுக்கு ஐந்து என்று ஒரு வாரம் செய்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். மூக்கடைப்பு இருக்கும் நாளில் வெந்நீராவி பிடித்துவிட்டு உட்காருங்கள், வாயால் இழுக்காதீர்கள்.

கபாலபாதி, பஸ்திரிகா?

புகை நாட்களில் வெளியிலோ பால்கனியிலோ வேண்டவே வேண்டாம். வேகமான மூச்சு அதிகக் காற்றை உள்ளே வாங்கும், அதோடு புகையையும். பியூரிஃபையர் ஓடும் அறையில், ஏற்கெனவே பழக்கம் இருப்பவர்கள் செய்யலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடுவது நல்லது.

தரையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கால் மரத்துவிடுகிறது.

தில்லி வீடுகளின் மொசைக் தரையும் மார்பிள் தரையும் நவம்பரிலேயே ஜில்லென்று ஆகிவிடும். பாய் மட்டும் போதாது. கீழே ஒரு யோகா பாய், அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, இடுப்பின் பின்பாதிக்குக் கீழே மட்டும் மூன்று நாலு அங்குல உயரத்துக்கு மடித்த போர்வை. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது தொடையிலும் முழங்காலிலும் நரம்பு அழுந்துவது குறையும், முதுகும் தானாக நிமிரும். அப்படியும் மரத்தால் நாற்காலியில் உட்காருங்கள், பாதம் தரையில் முழுக்கப் படட்டும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையும் என்பது உண்மையில்லை.

சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை நேரமே போகவில்லை. ஃபோனைத்தான் எடுக்கிறேன்.

இந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பருவம் தரும் கொடை என்று நாங்கள் நினைக்கிறோம். கோடையில் இந்த நேரத்துக்கு வெயில் தணிவதே இல்லை. இப்போது வீடு இருட்டி, அடங்கி, உங்களுக்காகக் காத்திருக்கிறது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கண்ணும் விரலும் சேர்ந்து ஈடுபட வேண்டிய, அவசரமில்லாத வேலை.

முதலில் விளக்கு. ஒரே ஒரு அகலோ குத்துவிளக்கோ, நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. புது அகலை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாகக் காயவைத்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அகலே எண்ணெயைக் குடித்துவிடும். திரியின் நுனி அரை அங்குலத்துக்குமேல் நீண்டால் சுடர் புகையும், ஆடும். சற்று உள்ளே இழுத்துவிட்டால் நிலையாக நிற்கும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சுடரின் அடியில் திரியை ஒட்டி இருக்கும் அந்த நீலத்தை இரண்டு நிமிஷம் பாருங்கள். பார்க்கப் பார்க்கத்தான் அது தெரியும்.

பிறகு காய்கறி. மண்டியில் இப்போது வெந்தயக்கீரை வந்திருக்கும். ஒரு கட்டை ஆய்ந்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும். பட்டாணி நவம்பரில் விலை கூட. டிசம்பரில் இறங்கும்போது மொத்தமாக வாங்கி உரியுங்கள். ஒரு கிலோ காயில் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் பட்டாணி தேறும். கொதிநீரில் இரண்டு நிமிஷம், உடனே ஐஸ் தண்ணீர், துணியில் உலர்த்தி ஃப்ரீசர். உலர்த்தாமல் வைத்தால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

சிங்காடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. குட்டையில் விளையும் கொட்டை, இரண்டு பக்கமும் கொம்பு வைத்த மாட்டுத்தலை மாதிரி இருக்கும். நன்றாகக் கழுவி, உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் வேகவைத்து ஆறவிடுங்கள். கொம்பைக் கத்தியால் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்திலிருந்து தோலை நெம்பினால் வெள்ளைப் பருப்பு முழுசாக வரும். பச்சையாகத் தோலைப் பல்லால் கடித்து உரிக்காதீர்கள். குட்டைத் தண்ணீரிலிருந்து குடற்புழுவின் இளம்புழுக் கூடு தோலில் ஒட்டியிருக்கலாம். கால் கிலோ உரித்து, மிளகுப்பொடி தூவிச் சாப்பிட்டு முடிக்கும்போது மணி ஏழரை ஆகியிருக்கும், ஃபோன் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும்.

எண்ணெய்க் குளியல் தில்லிக் குளிரில் ஒத்துக்கொள்ளுமா?

நவம்பர் முழுக்க ஒத்துக்கொள்ளும், நேரத்தை மட்டும் மாற்றினால். விடியற்காலைக் கங்கா ஸ்நானம் தீபாவளியோடு போகட்டும். மற்ற நாளில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வெயில் படும் இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், தலையில் பிசுக்காக நிற்கும். நல்லெண்ணெய் உறையாது.

தலைக்கு மூன்று மேசைக்கரண்டி, உடம்புக்கு நாலு. சிறு கரண்டியில் நாலு மிளகும் அரை டீஸ்பூன் சீரகமும் போட்டு எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவையுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இதமாக இருந்தால் சரி. உச்சந்தலை, காது மடல், உள்ளங்கால் மூன்றையும் விடாதீர்கள். இருபது நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் ஊறினால்தான் நல்லது என்று குளிரில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சிகைக்காய் மூன்று மேசைக்கரண்டியைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய் போய்விடும், தலையும் வறளாது.

குளியலறைத் தரையில் சிந்திய எண்ணெய் ஆபத்து. வயதானவர்கள் வழுக்கி விழுவது இதனால்தான். மிச்சச் சிகைக்காய்ப் பொடியைத் தூவித் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். காய்ச்சல், சைனஸ் தொந்தரவு இருந்தால் தலையை விட்டுவிட்டு உள்ளங்காலுக்கு மட்டும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் குளியலறை ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். அடைத்த அறையில் அது கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை கிடையாது.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

பெரும்பாலும் ரஜாயைச் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். தூங்குவதற்கு உடம்பு கொஞ்சம் சூட்டை வெளியே விட வேண்டும். பதினைந்து டிகிரி இரவில் மூன்று கிலோ பஞ்சு ரஜாயைப் போர்த்தினால் முதல் தூக்கம் நன்றாக வரும், பிறகு வியர்த்து முழித்துக்கொள்வீர்கள். 15 டிகிரி வரைக்கும் தோஹர் என்னும் மெல்லிய போர்வை அல்லது கேஸ் என்னும் பருத்தி நெசவுப் போர்வை. 12க்கு இறங்கியதும் ரஜாய்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் நாஃப்தலின் நெடியோடு போர்த்த வேண்டாம். காற்றுச் சுமாராக இருக்கும் நாளில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் போட்டு, நடுவில் ஒரு தரம் திருப்பிப் போடுங்கள். புகை கடுமையான நாளில் வெளியே போட்டால் கரி ஏறும், அதையே முகத்தோடு வைத்துத் தூங்குவீர்கள். பஞ்சு கட்டிகட்டியாக இருந்தால் வெயில் உதவாது. தெருவில் வில்லோடு வரும் பஞ்சு கொட்டுபவரிடம் கொடுத்து அடித்துத் தைத்து வாங்க வேண்டும். அந்த வில்லின் நாண் 'டொங் டொங்' என்று அதிர்வது கேட்டாலே தில்லியில் குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். செயற்கை நார் ரஜாய் வாங்கிய பிறகு இந்த வேலையே பல வீட்டில் நின்றுபோயிற்று. எங்களுக்கு இன்னும் பஞ்சுதான் உசத்தி, அது வியர்வையை வாங்கிக்கொள்ளும்.

படுப்பதற்கு ஒன்றரை மணி முன்னால் பத்து நிமிஷ வெந்நீர்க் குளியல் உதவும். படுக்கப் போகும் நிமிஷத்தில் குளித்தால் உதவாது.

குளிருக்கு இதமாக மாலையில் இன்னொரு காபி?

நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். காபியின் காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். சிக்கரியில் காஃபீன் இல்லை, ஆகவே சிக்கரி கூடிய தூள் சற்றுத் தேவலை. அதைவிடச் சுக்குமல்லி: தனியா நாலு பங்கு, சுக்கு இரண்டு பங்கு, மிளகும் சீரகமும் அரை அரைப் பங்கு, லேசாக வறுத்துப் பொடித்து வையுங்கள். தம்ளருக்கு ஒரு டீஸ்பூன், மூன்று நிமிஷக் கொதி, பனைவெல்லம். பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும் வெல்ல நீரில் பால் திரிந்துவிடும்.

ஏர் பியூரிஃபையர் இரைச்சலில் தியானம் எப்படி?

உட்காருவதற்கு அரை மணி முன்னால் முழு வேகத்தில் ஓடவிட்டு, உட்காரும்போது நடுவேகத்துக்குக் குறையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால் சுமார் 30 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை அதைச் சுற்ற, சி.ஏ.டி.ஆர். எண் (மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற கணக்கு) குறைந்தது 150 வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது. இரவு மோடில் அது பாதிக்கும் கீழே போகலாம். சத்தம் பிடிக்காதவர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்கி மெதுவாக ஓட்டுவதுதான் வழி.

முன்வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் தூசு தட்டுங்கள். பியூரிஃபையர் கரியமில வாயுவை எடுக்காது; நாள் முழுக்க அடைத்த அறையில் தலை பாரமாவது அதனால்தான். இரண்டு மணி வாக்கில் பதினைந்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணி பிளான்ட் வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்று நம்ப வேண்டாம், பார்க்க இதம் என்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிராணி, ஊதுவத்தி?

அடைத்த அறையில் ஒரு ஊதுவத்தி எரிந்தாலே நுண்துகள் எண் எகிறுவதைப் பியூரிஃபையர் திரையில் பார்க்கலாம். கொசுவத்திச் சுருள் அதைவிட மோசம். விளக்கு மட்டும் ஏற்றி, இரண்டு பவழமல்லியோ ஒரு துண்டு செவ்வந்தியோ வையுங்கள். கார்த்திகை தீபத்தன்று வரிசையாக அகல் வைக்கிறவர்கள் பால்கனிப் பக்கம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை இப்போது அழைத்துவரலாமா?

முடிந்தால் பிப்ரவரி, மார்ச் பாதி வரை தள்ளுங்கள். குளிர் இரத்த அழுத்தத்தை ஏற்றும், புகை இருமலைக் கிளப்பும், நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தால் அவர்களுக்குப் பொழுதே போகாது. வந்தே ஆக வேண்டுமென்றால் வெயில் வரும் அறையைக் கொடுங்கள், இன்ஹேலரும் மாத்திரையும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள்.

பழைய ராஜிந்தர் நகர், முகர்ஜி நகர் பி.ஜி. (வாடகை விடுதி) அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு ஒரே வெறுமையாக இருக்கிறது.

ஜன்னலில்லாத அறையும் ட்யூப்லைட்டும் பரீட்சைப் பயமும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு மொட்டைமாடியில் இருபது நிமிஷம், கையில் புத்தகமில்லாமல். வாரத்தில் ஒரு நாளாவது தமிழில் வாய்விட்டுப் பேசும் இடத்துக்குப் போங்கள்: ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கம், மலை மந்திர், இல்லை நாலு பேர் சேர்ந்து சமைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு ஃபோன் செய்வதை இருட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரம்தான் கனமானது. ஒரு விஷயம் கண்டிப்பாக: குளிருக்காக அறைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்போ கரியோ மூட்டாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நகரத்தில் அதனால் உயிர் போகிறது.

சோர்வு எப்போது சாதாரணம், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமோ பசியோ தலைகீழாக மாறிவிட்டது, வேலை ஓடவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் டி குறைவும் இதே மாதிரி காட்டும், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 14416ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பால்கனியில் ஏதாவது விதைக்கலாமா?

கொத்தமல்லி. இந்தப் பருவத்தில் தில்லியில் அதைப் போல ஒத்துழைக்கும் செடி வேறில்லை. தனியாவை முழுசாகப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விதை ஒட்டியிருக்கும். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஆறு அங்குல ஆழமுள்ள தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் தூவி, மேலே மண்ணை மூடி, கையால் தெளிக்கும் அளவுக்குத் தண்ணீர். முளைக்க எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். ஐந்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று கிளறிப் பார்த்துக் கெடுத்துவிடுகிறவர்கள் நிறைய. தினமும் ஊற்றினால் அழுகும். மேல்மண் காய்ந்ததும் மட்டும் ஊற்றுங்கள். கார்த்திகை முதல் வாரத்தில் போட்டால் மார்கழிப் பாதியில் கிள்ளலாம். இலையில் புகைக் கரி படிந்திருக்கும், மூன்று தண்ணீரில் அலசிவிட்டு ரசத்தில் போடுங்கள்.